அரை நாள் நான் யூனிவர்சிட்டி

பிள்ளைகளே, நேற்று நம் சின்னவள் காலேஜிலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்து, தோல்பாவைக் கூத்தை ஆராய யூனிவர்சிட்டி பணம் கொடுக்கிறதாம் என்று படித்துக் காட்டினாள். கூடவே, "நீ யூனிவர்சிட்டியைப் பார்த்திருக்கியாப்பா?" என்று ஒரு கேள்வி. எட்டாவதோடு நின்றவனிடம் கேட்கிற கேள்வியா அது! ஆனால் வெள்ளைக்காரன் காலத்தில், பூந்தமல்லியில், அரை நாள் நானே யூனிவர்சிட்டியாக இருந்தேன்.

அந்தத் தாளில் மை வாசனை அடித்தது. மை வாசனை என்றாலே எனக்கு எங்கள் ஊர்த் தமிழ்ப் பண்டிதர் சாரங்கபாணி ஐயா ஞாபகம்தான். தோல்பாவை ஆட்டும் கோபால்ராவின் கூத்தைப் பாட்டும் பேச்சுமாக முழுசாக எழுதியெடுக்க யூனிவர்சிட்டி அவருக்கு மாதாமாதம் உதவி செய்தது. வேகமாக எழுதுவேன் என்று என்னைச் சேர்த்துக்கொண்டார். கோபால்ராவிடம் ஒரே சிக்கல். அவர் வேகத்துக்கு என் கை ஈடுகொடுக்காமல் "கொஞ்சம் நில்லுங்க" என்றால் நிற்பார். மறுபடி பிள்ளையார் பாட்டிலிருந்துதான் தொடங்குவார். ஆறு மாதமாகப் பிள்ளையாரையே எழுதிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் யூனிவர்சிட்டியிலிருந்து பார்வையிட ஓர் அதிகாரி வருவதாகச் சேதி வந்தது. அவருக்குத் திருப்தியில்லை என்றால் உதவி நின்றுவிடும். பகலில்தான் வருவாராம், அதனால் கூத்து நடத்த ஊர் நெல் கிடங்கின் ஜன்னல்களைக் கோணியால் அடைத்து இருட்டாக்கினோம். கோபால்ராவ் திரைக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார்.

"உபயதாரரு எங்க? அவரு குந்தாம வெளக்கு ஏத்தமாட்டேன்."

"உபயம் யூனிவர்சிட்டிங்க," என்றார் ஐயா.

"அவரைத்தான் கூப்டு நைனா!"

அதிகாரியோ, பார்வையிட வந்தவர் உபயதாரர் மாலையை வாங்கக்கூடாது என்றுவிட்டார். யூனிவர்சிட்டிக்குப் பதிலாக மாலை என் கழுத்தில் விழுந்தது.

கோமாளிப் பாவை முதலில் உபயதாரரைச் சீண்டும். அவர் பதில் சொன்னால்தான் கதை நகரும். அதுதான் வழக்கம்.

"இன்னா யூனிவர்சிட்டி மாமே! ஆறு மாசமா எய்திக்கினுகீறியே, எதுவரிக்கும் வந்துகீற?"

எனக்குப் பொய் வராது. "இன்னும் புள்ளையாரைத் தாண்டல," என்றேன்.

ஐயாவின் முகம் அந்த இருட்டிலும் வெளுத்தது தெரிந்தது.

"பாத்தியா! பாயசம் குடிக்க வந்தவன் வாசப்படிலயே குந்திக்கினுகீறான்!"

முதலில் சிரித்தது அதிகாரிதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கோபால்ராவைப் பாதியில நிறுத்தாதீங்க. மூணு பேர் மாத்தி மாத்தி எழுதுங்க," என்றார். இன்னும் ஒரு வருஷத்துக்கு உதவி என்று கடிதம் வந்தது.

பிறகு யுத்தம் வந்தது, உதவி போயிற்று. நெல் கிடங்கு இருந்த இடத்தில் இன்று பஸ் நிற்கிறது. நாங்கள் எழுதிய நோட்டுகள் எங்கே என்று யாருக்கும் தெரியாது.

உங்கள் அம்மாவிடம்கூட நான் சொல்லாதது ஒன்று உண்டு. கடிதம் வந்த அன்று கோபால்ராவ் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த யூனிவர்சிட்டி மவராசனை நேர்ல பாத்து, உன் புள்ளைங்கள்லாம் நல்லாருக்கணும்னு நான் சொன்னதா சொல்லு."

மறுநாள் தனியாகப் பட்டணம் போனேன். கடற்கரை எதிரே யூனிவர்சிட்டியின் அந்தப் பெரிய கட்டடம். பக்கத்தில் யாரும் இல்லையே என்று பார்த்துவிட்டு, சுவரோரமாகப் போய் நின்று, அவர் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டு வந்தேன்.