புடலைப் பந்தல் வாடிய புரட்டாசி

எனக்கு எண்பத்திரண்டு வயசு. பெத்தது அஞ்சு, வளர்த்து ஆளாக்கினது நாலு. இன்னிக்கும் என் புடவைய நான்தான் துவைச்சிக்கிறேன். படிச்சது மூணாங்கிளாஸ், அதனால எழுத்து மேலயும் கீழயும் போகும். அவசரம் ஒண்ணும் எனக்கு இல்ல.

வல்லக்கோட்டைக்குப் போற வழியில எங்க ஊர். வூட்டுக்குப் பின்னால கொல்லை. இப்ப அங்க கம்பெனி லாரிங்க வரிசையா நிக்குது. அப்ப அது முழுக்க என் கை பட்ட மண்ணு. ஆடிப்பெருக்குக்கு விதை ஊணுவேன். புடலை, அவரை, பாகல் பந்தல்ல ஏறும், கீழ கத்தரியும் வெண்டையும் நிக்கும், வேலியோரம் பூசணி ஓடும். புரட்டாசி பொறந்தா பறிப்பு. கார்த்திகை வரைக்கும் காய்க்காக யார் வாசல்லயும் நான் நின்னதில்ல. மூணாஞ் சனிக்கிழமை பெருமாளுக்குத் தளிகை போடுவோம். அன்னிக்கு இலையில விழுற காய் எல்லாம் என் கொல்லைக் காய். ஊர்ல வேற எந்த வூட்லயும் அப்படி நடக்காது. அது எனக்கு ஒரு கெத்து. இல்லன்னு சொல்ல மாட்டேன்.

அந்த வூட்ல நாங்க ரெண்டு பொம்பளைங்க. நானும் என் கொழுந்தனார் பொண்டாட்டியும், அதாவது என் ஓர்ப்படி. என்னவிட ஆறு வயசு சின்னவ. ஒரே அடுப்பு. என்ன அக்கான்னுதான் கூப்பிடுவா. கல்யாணமாகி ஒம்பது வருஷம் அவளுக்குக் குழந்தை தங்கல. ஆரம்பத்துல ரெண்டு தடவ முழுகாம இருந்தா. சந்தோஷத்துல ஊரெல்லாம் சொன்னோம், ரெண்டும் நிக்கல. அதுக்கப்புறம் ஆறு வருஷம் ஒண்ணுமே இல்லாம போகவே நாங்க அந்தப் பேச்சையே வுட்டுட்டோம். என் கடைசிப் பொண்ணு பால் மறந்ததுலேர்ந்து அவ பக்கத்துலதான் படுக்கும்.

அந்த வருஷம் பந்தலுக்குக் குழி வெட்டி எரு போடுறப்ப அவ சொன்னா, "அக்கா, மேலாப்புல இருக்கிற எரு இன்னும் மக்கல. சாணி வாசனையே போவல. அடியில தோண்டி எடுக்கலாமே."

"ஏண்டி, நான் மொத பந்தல் போட்டப்ப நீ பாவாடை கட்டிக்கினு திரிஞ்ச. எனக்கே சொல்லித் தர்றியா?"

"சரி தாயே. உங்க பேச்சை ஊரே கேக்குது, எரு கேக்காதா?" அப்படின்னு சிரிச்சிக்கினே கூடைய எடுத்துக் குடுத்தா.

கொடி நல்லாத்தான் ஏறுச்சி. புடலம்பிஞ்சு வளையாம நீளணும்னு ஒவ்வொண்ணுக்கும் நூல்ல சின்னக் கல்லு கட்டித் தொங்கவுட்டோம், நானும் அவளும். பிஞ்சை விரல் நீட்டிக் காட்டக் கூடாது, வெம்பிடும். மடக்கின விரலாலதான் எண்ணுவோம். கொழுந்தனாருக்கு ஆவடி பக்கம் வேலை, ஞாயித்துக்கிழமைதான் வருவாரு. வந்தவரு பந்தலுக்குக் கீழ குனிஞ்சி நடந்துக்கினே, "இன்னா அண்ணி, எல்லா பாம்பையும் கட்டித் தொங்க வுட்டிருக்கீங்க, எங்க அண்ணன் மட்டும் எப்படி தப்பிச்சாரு?"ன்னு கேட்டாரு. நாங்க ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்பு தெருவுக்குக் கேட்டுச்சி.

தளிகைக்கு ஒரு வாரம் இருக்கும்போது கொடி வாட ஆரம்பிச்சிது. மழை பேஞ்சி மண்ணு ஈரமா இருக்குது, ஆனா உச்சி வேளையில இலை எல்லாம் தொங்கிப் போவுது. ரெண்டு நாள்ல மஞ்சளாச்சி. அவரைப் பூ அப்படியே கொட்டிப் போச்சி. சாம்பல் தூவிப் பாத்தேன், வேப்பம்புண்ணாக்கு கரைச்சி ஊத்திப் பாத்தேன். கேக்கல.

பக்கத்து வூட்டுக்காரி வேலிக்கு அந்தாண்ட நின்னு, "தீட்டோட யாரோ உள்ள பூந்துட்டாங்கடி. ஆமா, உன் ஓர்ப்படி வெளிய உக்காந்து நான் பாத்து நாளாவுதே?" அப்படின்னா.

அப்பல்லாம் தூரமானா மூணு நாள் மாட்டுக் கொட்டா பக்கத்துச் சாய்ப்புல தனியா உக்காரணும். நாலாம் நாள் ஏரியில தலைக்கு ஊத்திக்கினு, படுத்த பாய், சாக்கு எல்லாத்தையும் அலசி எடுத்துக்கினுதான் வூட்டுக்குள்ள வரலாம். அந்த நாள்ல காய்ச் செடிப் பக்கம் நிழல்கூடப் படக் கூடாது, கருகிடும்னு நாங்க நம்பினோம். நானும்தான்.

பக்கத்து வூட்டுக்காரி சொன்ன பிறகு எண்ணிப் பாத்தேன். ஓர்ப்படி ஆவணியில உக்காரல. புரட்டாசியிலயும் உக்காரல. மழையில கொசுக்கடிக்குப் பயந்துக்கினு மறைக்கிறான்னு எனக்குத் தோணுச்சி. வேற ஒண்ணும் தோணல. அஞ்சு பெத்தவ நான், எனக்கு வேற ஒண்ணும் தோணல.

புதங்கிழமை மத்தியானம். அவ முறத்துல கத்திரிக்காயோட வந்தா. நான் வழிய மறிச்சேன்.

"மறைக்காம சொல்லு. நீ கடைசியா எப்ப வெளிய உக்காந்த?"

"இன்னாக்கா திடீர்னு?"

"கொடிய பாரு. பெருமாளுக்குப் போற காய். தூரத்தோட பந்தலுக்குள்ள பூந்திருக்க நீ."

"இல்லக்கா. சத்தியமா இல்ல."

"அப்ப ரெண்டு மாசமா இன்னா ஆச்சி உனக்கு?"

வேலிப் பக்கம் பாத்தா. அப்புறம் ரொம்ப மெதுவா, "இப்ப சொல்ல முடியாதுக்கா. பத்து நாள் பொறுத்துக்குங்க" அப்படின்னா.

வேலிக்கு அந்தாண்ட இப்ப மூணு பொம்பளைங்க நிக்கிறாங்க. அவங்க பாக்கிறாங்கன்னு எனக்குத் தெரியும். "தளிகைக்கு மூணு நாள் கீது, உனக்குப் பத்து நாள் வேணுமா? பாய எடுத்துக்கினு போ வெளிய" அப்படின்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னேன்.

அவ சண்டை போடல. முறத்த கீழ வெச்சிட்டு, பாய எடுத்துக்கினு சாய்ப்புக்குப் போனா.

மூணு நாள் அங்கதான் இருந்தா. சாயங்காலமானா மழை. சோத்த இலையில வெச்சித் தள்ளி வுடுவேன். என் வூட்டுக்காரர் ஒரு தடவ, "போவட்டும் உடேன், உள்ள வரச் சொல்லு" அப்படின்னாரு. "பொம்பளை விஷயம், நீங்க பேசாதீங்க"ன்னுட்டேன். சின்னப் பொண்ணு சித்தி சித்தின்னு அழுதுச்சி. அதுக்கும் ஒரு அடி வெச்சேன்.

சனிக்கிழமை காலையில அவ ஏரிக்குப் போயிட்டா. நான் மாவிளக்குக்கு வெல்லம் இடிச்சிக்கினு இருந்தேன். திடீர்னு தெருவுல சத்தம். ரெண்டு பேர் அவளத் தாங்கிக்கினு வர்றாங்க. நனைஞ்ச சாக்கத் தூக்கிக்கினு ஏறும்போது பாசி படிஞ்ச படியில வழுக்கி வுழுந்துட்டாளாம். புடவை ரத்தம்.

மருத்துவச்சிய கூப்பிட்டோம். உள்ள போயிட்டு வந்து என்னத்தான் பாத்தா. "எத்தினி மாசம்?"

"எது எத்தினி மாசம்?"

"ஏம்மா, ஒரே அடுப்புல சோறாக்குறீங்க, உனக்குத் தெரியாதா? மூணு முடியப் போவுது. இனிமே சொல்லி இன்னா."

அன்னிக்கு எங்க வூட்ல தளிகை போடல. இடிச்ச வெல்லம் உரல்லயே கிடந்துச்சி, எறும்பு மொச்சிக்கினு.

சாயங்காலம் அவ பக்கத்துல போய் உக்காந்தேன். அவளே பேசினா. "ரெண்டு தடவ முன்னாடியே சொல்லித்தான் போச்சின்னு, இந்தத் தடவ மூணு மாசம் முடியாம வாயத் தொறக்க மாட்டேன்னு வல்லக்கோட்டை முருகன்கிட்ட வேண்டிக்கினேன்க்கா. எங்க வூட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும்." மறுநாள் கொழுந்தனார் வந்தாரு. என்னத் திட்டல. "நீங்க தனியா கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே அண்ணி" அப்படின்னு மட்டும் சொன்னாரு.

திங்கக்கிழமை செத்த கொடியப் புடுங்கிப் போடலாம்னு போனேன். இழுத்த உடனே கையோட வந்துடுச்சி, வேரே இல்ல. மண்ணக் கிளறினா, கட்டை விரல் தடிமன்ல வெள்ளைப் புழு, தலை மட்டும் செவப்பு. குழிக்குக் குழி பத்துப் பதினஞ்சு. மக்காத எருவுல வளர்ற வண்டுப் புழு. நான் போட்ட எரு. அவ வேணாம்னு சொன்ன எரு.

கோழிங்கள கூப்பிட்டு வுட்டேன். ஒண்ணு விடாம பொறுக்கித் தின்னுச்சிங்க. மண்ண மூடினேன். யாருகிட்டயும் சொல்லல. என் வூட்டுக்காரர் சாவுற வரைக்கும் அவருகிட்டகூடச் சொல்லல. தீட்டுக்காரி பந்தலக் கருக வெச்சா, சாமி கேட்டுடுச்சின்னு ஊர் பேசினப்ப, நான் உலைக்கு அரிசி களைஞ்சிக்கினு இருந்தேன். சொல்லியிருந்தா என் கைராசி போயிடுமே.

அவளுக்கு அப்புறம் தங்கவே இல்ல. கொல்லைக்குள்ள ஒரு நாளும் கால் வைக்கல. காய் வேணும்னா என் பொண்ண அனுப்புவா. நாலு வருஷம் அப்படி. மறைமலை நகர்ல கொழுந்தனாருக்கு ஃபேக்டரி வேலை கெடைச்சதும் போயிட்டாங்க. என் புள்ளைங்க கல்யாணம் எல்லாத்துக்கும் வந்து, மஞ்சள் அரைச்சி, பந்தி பாத்துட்டுத்தான் போவா. ஒரு தடவ அவ வூட்ல ரெண்டு பேரும் தனியா உக்காந்திருந்தப்ப, "அன்னிக்கு அந்த எரு..."ன்னு ஆரம்பிச்சேன். "இட்லி ஆறுது, சாப்பிடுங்கக்கா" அப்படின்னா. தெரிஞ்சிதான் சொன்னாளா, எனக்கு இன்னும் புரியல.

போன மாசியில அவ போயிட்டா. சாவு வூட்ல அந்தப் பக்கத்து வூட்டுக்காரி, என்னவிடக் கெழவி, யாருகிட்டயோ சொல்றா: "நல்ல பொம்பளைதான், பாவம். தூரத்த மறைச்சிக்கினு தளிகைக் காயத் தொட்டுட்டா, அதான் கடைசி வரைக்கும் மடி காலியா போச்சி." நான் அவ கால்மாட்டுல நின்னுக்கினு இருந்தேன். அம்பது வருஷம் கழிச்சி அன்னிக்கும் என் வாய் தொறக்கல.

அதனாலதான் எழுதினேன். அவ மேல ஒரு தப்பும் கிடையாது. தப்பு என் எருவுல, என் வாயில.

இந்தா பாப்பா, பாட்டியோட நோட்டு. நான் எழுதினது சரியா கீதான்னு ஒரு தடவ படிச்சிக் காட்டு. வாசக் கதவ நல்லா தொறந்து வெச்சிட்டு வா. அந்தப் பக்கத்து வூட்டுக் கெழவி எதிர்லதான் உக்காந்துக்கினு கீறா, அவளுக்குக் காது மந்தம். சத்தமா படி.