கரையை மாற்றிக் கட்டிய ஈஸ்வர்

சிரிக்கிறவன் எந்தக் கட்சி என்று பார்த்து, அந்தக் கட்சிதான் அவனைச் சிரிக்க வைக்கிறது என்று நீங்களும் நம்பியதுண்டா? எடப்பாடி ஈஸ்வர் நம்பினார். நம்பியதோடு நிற்காமல் வேட்டியையும் மாற்றினார்.

அவர் விசைத்தறி ஓட்டுகிறவர். வருஷம் முழுக்க இரவு ஷிப்ட். விடிந்ததும் பட்டறை வாசல் டீக்கடையில் இரண்டு ஷிப்டும் சந்திக்கும். வேலைக்கு வருகிற பகல் ஷிப்ட்காரர்கள் பச்சைக்கரை வேட்டிக் கட்சி, ஓயாமல் சிரிப்பார்கள். வேலை முடித்துப் போகிறவர்கள் நீலக்கரை. டீ டம்ளரைக்கூட முறைத்துக்கொண்டுதான் குடிப்பார்கள். பட்டறை முதலாளி குருமூர்த்தி பச்சைக்கரையில் பொறுப்பில் இருப்பவர். இதைக் காட்டியே பிரசங்கம் செய்வார்.

"எங்க கொள்கை உள்ள போனாப் போதுமுங்க. மூஞ்சி தானாத் தெளிஞ்சிரும்."

ஈஸ்வருக்கு அந்தத் தெளிவு அவசரமாகத் தேவைப்பட்டது. பகல் தூக்கம் கலையும்போதெல்லாம் மகள் யுவஸ்ரீ மேல் எரிந்து விழுந்தார். பிள்ளை இப்போது அவரைக் கண்டாலே பக்கத்து வீட்டுக்கு நழுவிவிடுகிறாள். ஆகவே பச்சைக்கரைக்கு மாறினார். கண்ணாடி முன் நின்று சிரித்தும் பார்த்தார். பிள்ளை இன்னும் வேகமாக நழுவினாள்.

தைப்பூசம் வந்தது. குருமூர்த்தியின் பங்காளிகள் பழனிக்கு நடந்தார்கள். பகல் ஷிப்ட் மொத்தமும் அந்தப் பங்காளிகள்தான். அதனால் கொஞ்ச நாளைக்கு ஈஸ்வரும் இன்னும் சிலரும் பகல் ஷிப்டில் அந்தத் தறிகளை ஓட்டினார்கள். ராத்திரி வீட்டில் அடித்துப்போட்டாற்போல் தூங்கினார். பச்சைக்கரை அழுக்குக் கூடையில் கிடந்ததால், ஒருநாள் பழைய நீலக்கரையையே கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனார். தோளில் யுவஸ்ரீ. இருவரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

யாத்திரை போய் வந்தவர்களை, தேங்கிய ஆர்டருக்காக குருமூர்த்தி இரவில் போட்டார். அந்த வாரம் பச்சைக்கரை டம்ளரை முறைத்தது.

அதைப் பார்த்துவிட்டு ஈஸ்வரின் மனைவி ஜோதி சொன்னாள்: "ஏனுங்க, இவங்க கொள்கை பழனியிலயே தங்கிப்போச்சாட்டம் இருக்குது."

பங்காளிகளுக்கு முதலாளி கட்டுகிற கரைதான் கரை, பகலும் அவர்களுக்கே. மற்றவர்கள் அந்தக் கடுப்பிலேயே நீலக்கரை கட்டியவர்கள். ஈஸ்வருக்கு இப்போதுதான் இது உறைத்தது. நேரே குருமூர்த்தியிடம் போனார்.

"ஷிப்ட வாரம் மாத்திப் போடுங்க. தூக்கம் எல்லாருக்கும் ஒண்ணுதானுங்க."

முதலில் "ஆமாங்க" என்றவர், கொட்டாவி விட்டுக்கொண்டு நின்ற ஒரு பங்காளி. குருமூர்த்தி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

உங்கள் ஊரிலும் ஒருவர் தம் கட்சிக்காரர்களின் சிரிப்பை ஆதாரமாகக் காட்டுவார். தலையாட்டிவிடாதீர்கள். அவர்கள் எப்போது தூங்குகிறார்கள் என்று கேளுங்கள். தூங்க முடியாதவர்களுக்காகவும் போய்க் கேளுங்கள்.