வெறுங்காலில் ஒரு கிளிப்

நீளக் களிசான் போட்டுச் சைக்கிள் ஓடுகிறவர்கள் துணி சங்கிலியில் சிக்காமல் இருக்கக் கணுக்காலுக்கு மேலே ஒரு கிளிப் மாட்டுவார்கள். வளைத்த இரும்புத் தகடு, வேறொன்றுமில்லை. அப்பாவினுடையது போன மாதம் எனக்கு வந்து சேர்ந்தது. ஊரிலிருந்து கொழும்புக்கும் கொழும்பிலிருந்து இந்தக் குளிர் நகரத்துக்கும் யார் யாரோ கைமாற்றிக் கொண்டுவந்த பொட்டலத்தில், பனம்பழப் பினாட்டுத் துண்டுகளுக்கும் மிளகாய்த்தூளுக்கும் நடுவே கிடந்தது. கையில் எடுத்தால் மிளகாய் மணக்கிறது. தங்கச்சி வேறு எதையாவது அனுப்பியிருக்கலாமே என்று முதலில் தோன்றியது. வேறு எதை அனுப்பியிருந்தாலும் எனக்குக் கோபம்தான் வந்திருக்கும்.

அப்பா அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். நல்லூரில் எங்கள் வாசல் படலையைத் தாண்டி அவர் இடுப்பில் சுற்றிய சாரத்தோடு போனதை அயலில் ஒருவரும் கண்டதில்லை. முடக்குக் கடைக்கு வெற்றிலை வாங்கப் போவதென்றாலும் களிசான் போட்டு, வலது காலில் கிளிப்பை மாட்டி, இரண்டு தரம் குனிந்து சரிபார்த்துவிட்டுத்தான் ஏறுவார். சைக்கிள் அவருக்கு அலுவலுக்கான சாமான். "அலுவல் இல்லாதவனுக்கு றோட்டிலை என்ன வேலை?" என்பது அவருடைய வாய்ப்பாடு. எனக்கோ றோட்டுத்தான் அலுவல். எங்கோ ஒருவன் சைக்கிளில் தனியாக உலகத்தைச் சுற்றுகிறான் என்று பத்திரிகையில் ஒரு துணுக்கு வாசித்திருந்தேன். உலகம் கிடக்கட்டும், குடாநாட்டின் கிழக்குப் பாதியையாவது ஒரே பகலில் சுற்றிவிடவேண்டும் என்று அன்றிலிருந்து மண்டைக்குள் சில்லு உருண்டுகொண்டே இருந்தது.

எண்பத்தாறாம் ஆண்டு ஏ.எல். சோதனை எழுதி முடித்த கையோடு புறப்பட்டேன். அப்பாவிடம் கேட்டால் விடமாட்டார் என்பதால் கேட்கவில்லை. இதைக் குற்றமென்று நான் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. பருத்தித்துறைக் கடலில் குளிப்பதற்கென்று கொடியில் காய்ந்த சாரத்தை உருவிப் பைக்குள் வைத்தேன். பாணும் சம்பலும் சுற்றிக்கொண்டேன். அரை நித்திரையில் இருந்த தங்கச்சியிடம், "சுத்திப்போட்டு வாறன்" என்றேன். அவள் மறுபக்கம் திரும்பிப் படுத்தாள். கிழக்கு வெளிக்கும்போது செம்மணி வெளியைத் தாண்டிவிட்டேன்.

அந்த நாளைப்போல ஒரு நாளை நான் பிறகு வாழவேயில்லை. சோளகக் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது. மனிதர்களோ காற்றைவிட நல்லவர்களாக இருந்தார்கள். கொடிகாமத்துத் தேத்தண்ணிக் கடைக்காரர் எங்கே போகிறேன் என்று கேட்டார். "சும்மா அண்ணை" என்றேன். அவர் என் பையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். தேநீரோடு கேளாமலே ஒரு வாய்ப்பன் வைத்தார். அதைத் தின்று முடிக்க இன்னொன்றைப் பேப்பரில் சுற்றிப் பைக்குள் தானே வைத்தார். "கவனமாய் இருங்கோ தம்பி" என்றார். வரணியில் கிணற்றடியில் நின்ற ஒரு பெண் என் வயதைக் கேட்டாள். சொன்னதும் வாளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய் இரண்டு மாம்பழம் கொண்டுவந்து தந்தாள். என் தலையைத் தொடப் பார்த்து, கையை இழுத்துக்கொண்டாள். முள்ளிப் பக்கம் மாடு சாய்த்து வந்த கிழவர் ஒருவர் தன் மாடுகளை ஓரங்கட்டி எனக்கு வழிவிட்டு, நான் மறையும்வரை நின்றார். தூரப் பயணிக்கு எங்கள் சனம் காட்டும் மரியாதை இது என்று நினைத்தேன். இதை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பவேண்டும் என்றும் நினைத்தேன். கடலில் பாட்டுப் பாடிக்கொண்டு குளித்தேன். கரையில் கிடந்த வள்ளமொன்றின் நிழலில் நன்றாகத் தூங்கியும் போனேன்.

உடுப்பிட்டி தாண்டி வல்லை வெளிக்கு வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. அந்த வெட்டையில் காற்று இப்போது எதிரே நின்றது. எனக்கு முன்னே சாரம் உடுத்த ஒருவர் சைக்கிளில் ஏறுவதும், காற்று விடாமல் இறங்கி உருட்டுவதுமாகப் போய்க்கொண்டிருந்தார். பாவம், ஆரோ ஒரு மனிசன், பகிடி ஏதும் சொல்லிக் கூட்டிக்கொண்டு போவோம் என்று மணியை அடித்தபடி கிட்டப் போனேன். முதலில் கண்ணில் பட்டது கால். சாரத்துக்குக் கீழே வெறுங்காலில், ஒரு துணியையும் பிடிக்காமல், ஒரு கிளிப் சதையைக் கவ்விக்கொண்டிருந்தது.

அவர் திரும்பினார். என்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. சைக்கிளைச் சரித்து நிறுத்திவிட்டு வந்து என் பையைத் திறந்தார். ஈரச் சாரத்தை எடுத்து உதறினார். மணல் கொட்டியது.

"குளிக்கவோ போனனீ?"

"ஓம் அப்பா."

"வேறையொண்டுக்கும் இல்லை?"

"சும்மா பார்க்கப் போனனான்."

அவர் அந்தச் சாரத்தை முறுக்கிப் பிழிந்தார். காற்றிலே காய்ந்து அதில் பிழிய ஒன்றும் இருக்கவில்லை. அப்படியும் பிழிந்துகொண்டே நின்றார்.

வீட்டுக்கு வந்து கிணற்றடியில் காலைக் கழுவிக்கொண்டு அம்மாவிடம் அவர் சொன்னதைக் கேட்டுத்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. ஆயுதம் தூக்க இயக்கத்துக்குப் போகிற பெடியள் அந்த நாட்களில் இப்படித்தான் போனார்கள்: வெளிக்கமுன், சைக்கிளில், பைக்குள் ஒரு சாரத்தோடு, பருத்தித்துறை இருக்கிற வடமராட்சிக் கரைக்கு. அங்கிருந்து பயிற்சிக்கென்று அக்கரைக்கு வள்ளம் ஏற்றும். கொடியில் சாரத்தைக் காணவில்லை என்று அம்மா குளறி அழுதபோது அப்பா இருந்த உடுப்போடு வெளிக்கிட்டிருக்கிறார். களிசான் போட மறந்தவர் பழக்கத்தில் கிளிப்பை மட்டும் மாட்டிக்கொண்டு போயிருக்கிறார். செம்மணியில் என்னைக் கண்டவர்கள் கை காட்ட, நான் நின்ற இடமெல்லாம் அவரும் நின்றிருக்கிறார். தேத்தண்ணிக் கடைக்காரர், "ஓம் ஐயா, போனவர். சந்தோசமாய்த்தான் போனவர்" என்றாராம். கிணற்றடிப் பெண் அப்பாவைக் கண்டதும் அழுதாளாம், தன்ரை மூத்தவனும் போனவன் என்று. வள்ளம் போகிற கரையில் நின்றவர்கள், போன பிள்ளைகளை இங்கே விசாரிக்கக்கூடாது, வீட்டை போங்கோ என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

அப்பா நம்பாததால் அல்ல, நம்பியதால்தான் நான் தோற்றேன். அடுத்த நாள் அவர் என்னை மாமரத்தடிக்குக் கூப்பிட்டார். "நீ போகேல்லை எண்டு எனக்குத் தெரியும். ஆனால் வழி முழுக்க உன்னை வழியனுப்பிப்போட்டினம். சாப்பாடும் தந்து அனுப்பினவை. வீட்டை போடா எண்டு ஒருத்தரும் மறிக்கேல்லை. அப்பிடியான ஊரிலை நான் உன்னை என்னெண்டு வைச்சிருக்கிறது?"

நான் வாதாடினேன். பல்கலைக்கழகம், படிப்பு, அம்மா என்று எல்லாவற்றையும் இழுத்தேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் தோட்டக்காணியை ஈடு வைத்தார். கார்த்திகை மழை தொடங்குமுன் நான் கொழும்பு பஸ்ஸில் இருந்தேன். ஊரைப் பார்க்க ஒரு பகல் போனதற்காக ஊரைவிட்டே அனுப்பப்பட்டவன் நான். அந்த வாய்ப்பன் எனக்குத் தந்ததல்ல. சாகப் போகிற ஒருவனுக்குத் தந்ததை வாங்கித் தின்றுவிட்டு உயிரோடு இருக்கிறேன். அந்தக் கடைக்காரர் எத்தனை பேரின் பைக்குள் அப்படிச் சுற்றி வைத்திருப்பார். அவ்வளவு அன்பிலும் ஒரு கைப்பிடி, சைக்கிள் ஹாண்டிலைப் பிடித்து மறிக்கிற அளவுக்கு, மிச்சம் இருக்கவில்லை.

சென்ற ஐப்பசியில் படை நெருங்கி எங்கள் வலிகாமமே எழுந்து நடந்தபோது அப்பாவும் அதே றோட்டால் போனார். மழைக்குள், செம்மணி வழியே, சனத்தோடு சனமாக. சைக்கிள் கரியரில் மூட்டைகள். ஏறி ஓட இடமே இல்லாத அந்த நெரிசலிலும் களிசான் போட்டுக் கிளிப் மாட்டித்தான் உருட்டினாராம். தங்கச்சி தொலைபேசியில் சொன்னாள். கைதடியில் அவளிடம், "இந்த றோட்டாலைதான் உன்ரை அண்ணையைத் தேடி வந்தனான்" என்று மட்டும் சொன்னாராம். கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடக் கொட்டிலில் காய்ச்சல் கண்டு முடிந்துபோனார். கொள்ளி வைக்க நான் இல்லை. என்னைப் பத்திரமாக வைத்ததன் விலை அது என்று சொல்கிறார்கள். விலையை யாரிடம் கேட்டு நிர்ணயித்தார்கள் என்று நான் கேட்பதில்லை.

இங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் சனம் சும்மா சைக்கிள் ஓடுகிறது. ஆற்றங்கரையில் அதற்கென்று தனிப் பாதையே போட்டிருக்கிறார்கள். நானும் தனியே ஓடுகிறேன். எங்கே போகிறாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. பையைப் பார்ப்பதில்லை. சென்ற ஞாயிறு அரைக் களிசானோடு போனேன், வெறுங்காலில் அப்பாவின் கிளிப்பை மாட்டிக்கொண்டு. கவ்வல் இன்னும் தளரவில்லை. கொஞ்சத் தூரத்திலேயே சதை நொந்தது. அப்பா அதை நல்லூரிலிருந்து கொடிகாமம், வரணி, பருத்தித்துறை என்று சுற்றி வல்லை வெளிவரை கழற்றவில்லை. அது காலில் இருந்ததே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

நான் பாலத்தடியில் இறங்கிக் கழற்றிவிட்டேன்.