ஒரு மோல் சர்க்கரையும் ஒரு வரனும்

அறுபதுகளின் நடுவில் நடந்தது. கடலூர் முதுநகரில் எங்கள் வீடு. தினமும் ரயிலேறிச் சிதம்பரம் போய் பி.எஸ்ஸி. வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். கடைசி வருடம். பரீட்சைக்குச் சில மாதங்கள் இருக்கும்போது ஒரு வரன் வந்துவிட்டது. மாப்பிள்ளைக்குச் சர்க்கரை ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை. “இந்த எடம் அமைஞ்சா தையில கல்யாணம். படிச்சது போதும்” என்று அப்பா சொல்லிவிட்டார். எனக்கு அழுகை அழுகையாய் வந்தது. பரீட்சை எழுதாமல் நின்றுவிடவா இத்தனை நாள் ரயிலில் இடிபட்டேன்?

பெண் பார்க்க வந்தார்கள். கேசரி, பஜ்ஜி கொடுத்துவிட்டு ஓரமாய் நின்றேன். மாப்பிள்ளையின் தாய்மாமா, “ஒரு பாட்டு பாடும்மா” என்றார். எனக்கும் பாட்டுக்கும் ஏழாம் பொருத்தம். அம்மா பின்னாலிருந்து இடிக்கிறாள், நானோ பயத்தில் இன்னும் ஓரமாய் ஒதுங்கினேன்.

மாப்பிள்ளைக்கு என்ன தோன்றியதோ, “பாட்டு வேணாம் மாமா. கெமிஸ்ட்ரி படிக்கிறாங்கல்ல, நான் ஒண்ணு கேக்கறேன்” என்று காபி டம்ளரைக் கீழே வைத்தார். “ஒரு மோல் சர்க்கரை எத்தன கிராம்?”

பயம் போன இடம் தெரியவில்லை. மூலக்கூறு எடையைக் கிராமில் சொன்னால் அதுதான் ஒரு மோல். சர்க்கரையின் ஒரு மூலக்கூறில் பன்னிரண்டு கார்பன், இருபத்திரண்டு ஹைட்ரஜன், பதினொரு ஆக்ஸிஜன். ஒவ்வொன்றையும் அதனதன் அணு எடையால் பெருக்கி, மனசுக்குள்ளேயே கூட்டி, “முன்னூத்தி நாப்பத்திரண்டு” என்றேன்.

“இல்லயே, முன்னூத்தி அறுபதாச்சே! குளுக்கோஸ் நூத்தி எம்பது, ஃப்ரக்டோஸ் நூத்தி எம்பது.”

“அது ரெண்டும் சேந்து சர்க்கரையாகும்போது ஒரு மோல் தண்ணி வெளிய போயிடும். அந்தப் பதினெட்டு கிராமக் கழிக்க மறந்துட்டீங்க. உங்க கணக்கு தப்பு!”

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. பார்க்க வந்த மாப்பிள்ளையிடமே தப்பு என்று சொல்கிற பெண்ணை அந்தக் காலத்தில் யார் கண்டார்கள்! அப்பாவின் முகம் சுண்டிப்போனது. “பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி போலருக்கே” என்று மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

மாப்பிள்ளை மட்டும் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக் கணக்குப் போட்டார். பிறகு அசடு வழியச் சிரித்தார். “அவுங்க சொல்றதுதான் சரி மாமா, உக்காருங்க” என்றவர், அப்பாவிடம் திரும்பி, “எனக்குச் சம்மதம். ஆனா அவுங்க பரீட்ச எழுதி முடிக்கட்டும். அப்பறமா நாள் பாக்கலாம்” என்றார்.

அப்பாவால் மறுக்க முடியவில்லை. பரீட்சை எழுதினேன், தேறினேன். ஆவணியில் கல்யாணம். “உன்னச் சோதிக்கத்தான் தப்பாச் சொன்னேன்” என்று இன்றும் சாதிக்கிறார். பொய்! அந்த முகத்தை நான் பார்த்தேனே.

ஒரு பெண் நாலு பேர் முன்னால் தப்பு என்றதும், கோபப்படாமல் தன் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தாரே, அந்த ஒரு நிமிடத்தை நம்பித்தான் கழுத்தை நீட்டினேன். அந்த நம்பிக்கை இன்றுவரை வீண்போகவில்லை.