அண்ணனின் இடது கன்னம்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியவர்களில் பலர் அட்டையைப் பார்த்ததும் சட்டென்று அடுத்த பக்கத்தைத் திருப்பியிருப்பீர்கள். "இவளுக்கு வேறு படமே கிடைக்கவில்லையா" என்று பக்கத்தில் இருப்பவரிடம் முணுமுணுத்தவர்களும் இருப்பீர்கள். நான் தப்பாக நினைக்கவில்லை. அண்ணன் கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு நிறைகிற இந்த நாளில், கோட்டும் டையும் போட்டு, கன்னம் நிறைந்து சிரிக்கிற ஒரு படத்தைத்தான் எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இடது தாடையில் பாதி இல்லாத இந்த முகத்தை அட்டையில் போடச் சொன்னது அண்ணன். போடவே கூடாது என்று அழுதது எங்கள் அம்மா. இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்து நான் பட்ட பாட்டையும், அம்மா எப்படிச் சம்மதித்தார்கள் என்பதையும் சொல்லாமல் இந்த மலரை உங்கள் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அண்ணன் பிறந்தது குழித்துறைக்குப் பக்கத்தில், ஆற்றங்கரையை ஒட்டிய எங்கள் ஊரில். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போனவர். அண்ணன் பள்ளிப்படிப்பை முடிக்கும் முன்பே அப்பா காய்ச்சலில் இறந்துபோனார். அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலைக்கு வேலைக்குப் போனார்கள். அண்ணன் மார்த்தாண்டத்தில் ஒரு ஸ்டுடியோவில் எடுபிடியாகச் சேர்ந்து, விளக்குகளைத் தூக்கிச் சுமந்து, பிறகு கேமராவைத் தொட்டு, கடைசியில் குழித்துறைச் சந்தைக்குப் போகிற வழியில் சொந்தமாக ஒரு ஸ்டுடியோ திறந்தார். நான் கம்ப்யூட்டர் படித்துவிட்டு அங்கேயே அமர்ந்தேன். அவர் எடுப்பார், நான் திருத்துவேன். இதுதான் எங்கள் குடும்பத்தின் தொழில்.

தங்கைக்காகவே அண்ணன் கல்யாணம் செய்யாமல் இருந்தார் என்று அடக்க ஆராதனையில் ஒருவர் உருக்கமாகப் பேசினார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது முழு உண்மை இல்லை. அண்ணன் பெண் பார்க்கப் போகத்தான் செய்தார். "படம் பிடிக்கிற வேலைதானா, வேறே ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். அப்படிக் கேட்ட வீடுகளில் இரண்டொன்றின் கல்யாணப் படங்களைப் பின்னாளில் அண்ணன்தான் எடுத்தார். அதில் அவருக்கு வருத்தம் இருந்ததா என்று நான் கேட்டதில்லை.

ஆட்களைப் படம் எடுப்பதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. வந்தவரை ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு, கேமராவைத் தொடாமல் அவர்களுடைய வீட்டுக் கதையைக் கேட்டுக்கொண்டே இருப்பார். அவர்கள் தன்னை மறந்து பேசுகிற நேரத்தில் எடுத்துவிடுவார். எடுப்பதற்கு முன்னால் ஒரு நொடி கண்ணை மூடுவார். தூக்கம் வருகிறது போலும் என்று வந்தவர்கள் நினைப்பார்கள். அது ஜெபம். ஒருமுறை நான் கேலியாக, "பாஸ்போர்ட் போட்டோவுக்கும் ஜெபமா?" என்று கேட்டேன். "ஏட்டி, முகத்தை உண்டாக்கினது நான் இல்லல்லா. உண்டாக்கினவர்ட்ட கேட்டுட்டுத்தானே தொடணும். நான் வெளிச்சத்தைக் கொஞ்சம் நகத்தி வைக்கேன், அவ்வளவுதான்" என்றார். ஊரில் அவரைக் கலைஞர் என்பார்கள். அவருக்கு அந்தச் சொல் கூச்சமாக இருக்கும்.

திருத்துவதில்தான் எனக்கும் அவருக்கும் தினமும் சண்டை. முகப்பரு, வெயிலில் வந்த கருமை, அழுது வீங்கிய கண், இவற்றையெல்லாம் திருத்தலாம் என்பார். மறு, தழும்பு, பிறந்ததிலிருந்து இருக்கிற நிறம், இவற்றில் கை வைக்கக் கூடாது. தானாகப் போகக்கூடியதை நாம் முந்திக்கொண்டு எடுக்கலாம், சாகும்வரை கூட இருக்கப்போவதை எடுத்தால் அது பொய்ச்சாட்சி என்பது அவருடைய கட்சி. "எல்லா ஸ்டுடியோவிலும் வெளுப்பாக்கித்தானே கொடுக்கிறார்கள்" என்று நான் கத்துவேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். எனக்கு ஆத்திரமாக வரும்.

ஒரு தடவை, கன்னத்தில் பிறவி மச்சம் பரந்திருந்த ஒரு பெண்ணை அவளுடைய தாயார் வரன் பார்க்கும் படத்துக்காகக் கூட்டி வந்தார். மச்சத்தை எடுத்துவிடச் சொன்னார். அண்ணன் முடியாது என்றார். அப்போது அந்தப் பெண்ணே சொன்னாள்: "எடுத்தா, வந்து பாத்துட்டுப் போவாவ அண்ணா. எடுக்காட்டா வரவே மாட்டாவ."  அண்ணன் வெளிச்சத்தை மாற்றி மாற்றி வைத்து, அந்தப் பெண்ணைப் பேசவிட்டு, மச்சத்தோடேயே ஒரு படம் எடுத்தார். அவ்வளவு நல்ல படத்தை அவர் அதற்கு முன் எடுத்ததில்லை. தாயாருக்குப் பிடிக்கவில்லை. வேறு இடத்தில் மச்சமில்லாமல் எடுத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டு, கொடுத்த காப்பியைத் தொடாமல் எழுந்து போனதாகப் பிறகு கேள்விப்பட்டோம். தான் சொன்னதுதான் சரி என்று அண்ணன் சொல்லிக்கொள்ளவில்லை. "நான் சொன்னதுலயும் அந்தப் பிள்ளைக்க கண்ணீரு நிக்கலியே" என்றுதான் சொன்னார். 

பிறகு வியாதி வந்தது. ஆறாத வாய்ப்புண் என்று ஆரம்பித்தது. வெற்றிலை, புகையிலை, குடி எதையும் தொடாத மனிதர். "ஒளிச்சு வச்சுப் போட்டிருப்பான்" என்று பேசியவர்களும் இந்த மலரை வாங்கியிருப்பீர்கள், வாசியுங்கள். திருவனந்தபுரத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. இடது தாடையில் பாதியை எடுத்துவிட்டார்கள். கட்டுப் பிரித்தபோது கன்னம் உள்ளே குழிந்து, வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. பேச்சு எங்கள் வீட்டாருக்கு மட்டும் புரிகிற பேச்சாகிவிட்டது. சபையின் பாடகர் குழுவில் அவருடைய இடத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அவரும் ஞாயிறுதோறும் அந்த இடத்தில் போய் உட்கார்ந்தார். பாட முடியாமல், பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தார்.

வேலைக்கும் திரும்பினார். ஆனால் ஒரு கல்யாண வீட்டிலிருந்து பெண்ணின் தகப்பனார் எனக்குப் போன் செய்தார். "தப்பா நெனைக்காண்டாம். வேற ஆளை அனுப்புங்க. பிள்ளைக்க முகத்துக்கு நேரே அவரு வந்து நிக்கும்பம் அது பயந்திரும்." போன் சத்தம் அண்ணனுக்கும் கேட்டது. கேமராப் பையை எடுத்து என் பக்கம் தள்ளிவிட்டு, வெளியே போய் வெயிலில் நின்றார்.

அண்ணனுடைய விசுவாசம் அசையாதது என்று சொன்னால் அதுவும் திருத்திய படம்தான். போதகர் ஐயா வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஒரு சாயங்காலம், ஜெபம் முடிந்ததும் அண்ணன் அவருடைய கையை விடவில்லை. "ஐயா, நான் ஆருக்க மறுவையும் எடுத்ததில்ல. எனக்க தாடையை என்னத்துக்கு எடுத்தாரு?" என்று கேட்டார். போதகர் ஐயாவுக்கு அந்தக் குழறல் புரியவில்லை. நான்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கேள்வியை என் வாயால் இன்னொரு தடவை சொல்வது எவ்வளவு கொடுமை என்று எனக்குத்தான் தெரியும். ஐயா வசனம் எதுவும் சொல்லவில்லை. இருட்டும்வரை அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அதற்காக அவர் மேல் எனக்கு இன்றும் மதிப்பு உண்டு.

வியாதி திரும்பி வந்துவிட்டது என்று டாக்டர்கள் சொன்ன பிறகு ஒரு நாள், என்னை ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போய், தன்னைப் படம் எடுக்கச் சொன்னார். அவருக்குச் சொந்தமாக நல்ல படமே கிடையாது. எப்போதும் கேமராவுக்குப் பின்னால் நின்றவர்தானே. நான் விளக்கை வலப்பக்கம் வைத்தேன், இடது பக்கம் நிழலில் மறையட்டும் என்று. அவர் எழுந்து வந்து விளக்கைத் தூக்கி இடப்பக்கம் வைத்தார். "நிழலுக்குள்ள ஒளிச்சு வைக்காண்டாம் பிள்ளே" என்றார். எடுத்து முடித்ததும் சொன்னார்: "எனக்க சாவுக்கும் பெறவும் இந்தப் படத்தைத்தான் வைக்கணும். ஒண்ணும் திருத்தப்பிடாது." சரி என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது அம்மா படத்தைப் பார்க்கவே இல்லை. அண்ணன் விடவில்லை. "அம்மா, கர்த்தர் உயிர்த்தெழுந்து வந்தப்பமும் கையில காயத்தோடதானே வந்தாரு. அதை மாத்திக் குடுக்க பிதாவுக்கு முடியாதா?" என்றார். அம்மா உடனே சொன்னார்கள்: "அது கர்த்தருக்கு. நான் பெத்தது உன்னையாக்கும்."  அந்த வருடத்திலேயே அண்ணன் எங்களை விட்டுப் போய்விட்டார்.

அடக்கத்தன்று நடந்தது உங்களுக்குத் தெரியும். ஜங்ஷனில் வைத்த ஃபிளெக்ஸில், டிரைவிங் லைசென்ஸ் படத்தைப் பெரிதாக்கி, வெளுப்பாக்கி, நீலக் கோட்டு மாட்டி, பின்னால் மேகத்தையும் வைத்திருந்தார்கள். வாழ்நாளெல்லாம் ஒருவருக்கும் அப்படிச் செய்து கொடுக்காத மனிதருக்கு அதைச் செய்தார்கள். கிழித்துப்போடப் போன என்னை உறவினர்கள் பிடித்து நிறுத்தினார்கள். துபாயில் இருக்கும் சித்தப்பா மகன், போனிலேயே முகத்தைச் சரியாக்கி, அண்ணன் சிரிப்பது போல ஒன்று செய்து குடும்பக் குழுவில் போட்டான். நான் அதைத் திறக்கவில்லை. பாசத்தில்தான் செய்தான், எனக்குத் தெரியும். ஆனாலும் திறக்கவில்லை.

ஓராண்டு மலர் போட வேண்டும் என்று பேச்சு வந்ததும் அம்மா என்னைக் கூப்பிட்டார்கள். "அவன் சொன்ன படத்தையே போடு. கண்ணு நல்லாத்தான் இருக்கு. தாடையை மட்டும் நேராக்கிப் போடு." நான் அண்ணனுக்குக் கொடுத்த வாக்கைச் சொன்னேன். அம்மா விடவில்லை. "ஊருல எத்தனை பேருக்கு நீ செய்து குடுத்திருக்கே. செத்துப்போன உனக்க அண்ணனுக்குச் செய்யமாட்டியா? நான் கண்ணை மூடுகது வரைக்கும் அந்தக் குழியைப் பாத்துட்டே இருக்கணுமா?"  செத்தவர் ஒன்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். உயிரோடு இருப்பவர் சோறு இறங்காமல் இருக்கிறார். யார் பேச்சைக் கேட்பது? எனக்கு அண்ணன் அளவுக்கு விசுவாசமும் கிடையாது, ஜெபித்துவிட்டு முடிவெடுக்க.

என்ன முடிவெடுத்தேன் என்று சொல்லும் முன், நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். திருவனந்தபுரத்துக்கு அழைத்தபோதெல்லாம் வண்டியோடு வந்து நின்ற சபை வாலிபர்களுக்கும், கஞ்சிக்கு அரிசி நொறுக்கிக் கொடுத்தனுப்பிய பக்கத்து வீட்டு அக்காவுக்கும் நன்றி. கோட்டாற்றில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணனுடைய நண்பர், இஸ்லாமியச் சகோதரர், வாரம் தவறாமல் வந்தார். அண்ணனுக்கு நேரெதிரே உட்கார்ந்து, லென்ஸைப் பற்றி முன்போலவே சண்டை பிடித்தார். நோயாளியிடம் யாராவது சண்டை பிடிப்பார்களா? அவர் பிடித்தார். அவர் வந்துவிட்டுப் போகிற நாளில்தான் அண்ணன் முழுக் கிண்ணம் கஞ்சி குடித்தார். அவருடைய வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணனிடம் பேசும்போது சுவரையும் தரையையும் பார்த்துப் பேசியவர்களுக்கு நன்றி சொல்ல எனக்கு மனம் இல்லை. அண்ணன் இருந்திருந்தால் உங்களுக்கும் சேர்த்துச் சொல்லியிருப்பார்.

கடைசி நன்றி அம்மாவுக்கு. அம்மா கேட்டபடியே நான் திருத்தினேன். அண்ணனுடைய வலது தாடையை எடுத்து, திருப்பி, இடது பக்கம் பொருத்தினேன். உதட்டை நேராக்கினேன். தோலின் நிறத்தையும் நரைத்த மீசையையும் ஒட்டுத் தெரியாமல் சேர்த்தேன். என் கையால் செய்த வேலைகளிலேயே அதுதான் நேர்த்தியானது. ஆள் முகம் அளவுக்கே அச்சிட்டு, திருத்தாத படத்தையும் அதே அளவில் அச்சிட்டு, இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அம்மா அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்கள். கையைத் துடைத்துக்கொண்டு, திருத்திய படத்தை மடியில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அழப்போகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். அழவில்லை. உள்ளங்கையை அண்ணனுடைய இடது கன்னத்தில் வைத்தார்கள், எடுத்தார்கள், கொஞ்சம் தள்ளி வைத்தார்கள், மறுபடியும் எடுத்தார்கள். கண் தெரியாதவர்கள் எதையோ தேடுவது போல இருந்தது.

"என்னம்மா?" என்றேன்.

"கஞ்சி குடுக்கும்பம் அந்தக் குழியில நான் கையைக் குடுத்துத் தாங்குவேன் மக்கா. இல்லேன்னா வெளியே வழிஞ்சிரும். ரெண்டு வருசமும் அப்பிடித்தான் குடுத்தேன்" என்றார்கள். பிறகு படத்தை என்னிடம் நீட்டினார்கள். "இதுல நான் கையை எங்க வைக்கட்டும்?"