ஸ்கேன் சென்டர் எப்போது எங்கள் கஸ்டமர் ஆனது?

திங்கட்கிழமை காலை ஆபீஸில் நடந்ததை நினைத்தால் இன்னும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

ஓசூர் ஃபேக்டரிகளுக்கு பேரிங் விற்பது எங்கள் வேலை. போன மாதம் நிர்வாகம் ஒரு புத்திசாலித்தனம் செய்தது. போன் காலண்டரில் நாங்கள் எதைக் குறித்தாலும், கஸ்டமர் விவரம் வைத்திருக்கும் சாஃப்ட்வேரில் அதுவாகவே போய் ஏறிக்கொள்ளும். 'இனி விசிட் ரிப்போர்ட் எழுத வேண்டாம்' என்றார்கள். சந்தோஷப்பட்டோம். நானும்தான்!

பக்கத்து சீட்டில் ரேவதி. (பெயரை மாற்றிவிட்டேன். அவளைக் கேட்டுத்தான் எழுதுகிறேன்.) மத்திகிரியில் வாடகை வீடு. பர்ச்சேஸ் ஆள் தெலுங்கா, கன்னடமா... அவர் மொழியிலேயே பேசி ஆர்டர் வாங்கிவிடுவாள். பெரிய கம்பெனிகளைக் கவனிக்கும் பொறுப்பு இந்த முறை அவளுக்குத்தான் என்று முடிவாகியிருந்தது.

திங்கட்கிழமை ரிவ்யூவில் மேனேஜர் அவளுடைய விசிட்டுகளைத் திரையில் போட்டார். வரிசையாகக் கம்பெனிகள். நடுவில் — ஸ்கேன் சென்டர், ரெண்டாம் மாச செக்கப்.

"இன்னாம்மா, புது கஸ்டமரா?" என்று சிரித்தவருக்கு அப்புறம்தான் புரிந்தது. "ஓ... கங்கிராஜுலேஷன்ஸ்!"

எல்லோரும் கை தட்டினார்கள். ரேவதி தலையே நிமிரவில்லை. ஏற்கெனவே ஒரு முறை கரு கலைந்திருக்கிறது. மூன்று மாதம் முடியட்டும் என்று மாமியாரிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தாள்.

"பெரிய கம்பெனிங்கள பிரவீன் பாத்துக்கட்டும். நீ உடம்பப் பாத்துக்கம்மா" என்றார் மேனேஜர், எங்களோடு விற்பனையில் இருக்கும் பிரவீனைக் காட்டி.

என்ன ஒரு கரிசனம்! அவள் முடியாது என்று சொன்னாளா? முடியுமா என்று இவர்தான் கேட்டாரா? வயிற்றில் பிள்ளை இருந்தால் வாயில் தெலுங்கு வராதா?

உங்களுக்கு வேலை மிச்சம் என்று யாராவது சொன்னால், பதிலுக்கு எதை எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று முதலில் கேட்க வேண்டும். நாங்கள் கேட்கவில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் ரேவதியே எழுந்தாள்.

"சார், உங்க காலண்டரையும் கொஞ்சம் ஸ்கிரீன்ல போடுங்க. நாங்களும் பாக்கறோம்."

மேனேஜர் சட்டென்று லேப்டாப்பை மூடினார். "மேனேஜருங்களுக்கு அதக் கனெக்ட் பண்ணலம்மா. என்னோட பர்சனல் விஷயமெல்லாம் அதுல இருக்குது."

மதியமே பொறுப்பு பிரவீனுக்குப் போய்விட்டது.

அவருடையது என்றால் பர்சனல். ரேவதியுடையது என்றால் கஸ்டமர் மீட்டிங்!