தவிட்டுக்கு வாங்கிய பிள்ளையின் செய்தி

மலேசியாவில் ஒரு தமிழ் நாளிதழுக்கு இருபது வருடத்துக்கும் மேலாக நான் பகுதிநேர நிருபர். பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவத்தோடு என் படிப்பு முடிந்தது. பகலில் ஈப்போவில் ஒரு தையல் கடையில் வேலை. நிருபர் என்றால் வாய் உள்ளவள் என்று நினைப்பார்கள். எனக்கு அது கிடையாது. ஒரு கூட்டத்திலும் நான் எழுந்து கேள்வி கேட்டதில்லை. கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது யாராவது பக்கத்தில் வந்து தானாகச் சொல்லத் தொடங்குவார்கள். அதைத்தான் எழுதி அனுப்புவேன். ஆரம்பத்தில் கையால் எழுதி, கோலாலம்பூர் போகும் பஸ் டிரைவரிடம் உறையைக் கொடுத்துவிடுவேன். பிறகு கைப்பேசி வந்தது. செய்தி சீக்கிரம் போய்ச் சேர்ந்தது, ஆனால் அதைப் போட இடம் குறைந்துகொண்டே வந்தது. எங்கள் பேராக் மாநிலச் செய்திகளுக்கு இரண்டு பக்கம் இருந்தது ஒன்றாகி, இப்போது அரைப் பக்கம். அதிலும் பல நாள் பாதியைக் கண்ணீர் அஞ்சலி விளம்பரங்கள் எடுத்துக்கொள்ளும்.

ஈப்போவின் புந்தோங் பகுதியில் பள்ளி வேன் ஓட்டும் ஒருவர் முகநூலில் ஒரு பக்கம் நடத்தினார். வேனை ஓரமாக நிறுத்திவிட்டு, கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து நேரலையில் பேசுவார். ஊரே பார்க்கும். ஒரு முறை வெள்ளம் வந்தபோது, முழங்கால் தண்ணீரில் நின்று நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்துவிட்டார்.

“என்னக்கா, இன்னும் நோட்டுப் புத்தகமா? நீங்க எழுதி, அவங்க அடிச்சி, லாரில ஏத்தி வர்றதுக்குள்ள தண்ணியே வடிஞ்சிடும்லா!”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

“ரெண்டு பேர வெள்ளம் அடிச்சிட்டுப் போயிடுச்சின்னு போட்டிருக்கீங்களே தம்பி? யாரையும் அடிச்சிட்டுப் போகலயே” என்றேன், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

“அதான் அஞ்சு நிமிஷத்துல மாத்திட்டேனே! உங்க பேப்பர்ல தப்பு வந்தா மாத்த எத்தன நாளு ஆவும்?”

அவர் கெட்டவர் அல்ல. அதை இப்போதும் சொல்வேன்.

பள்ளிச் சீருடை தைக்க எங்கள் கடைக்கு ஒரு பெண் வருவாள். மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்பவள். கணவர் இறந்துவிட்டார். ஒரே மகள், தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு. ஒரு நாள் அவள் தனியாக வந்து, துணியைக் கொடுத்த பிறகும் போகாமல் நின்றாள். மகளுக்கு அடையாள அட்டை இல்லை. பிறப்புப் பத்திரமும் இல்லை. தலைமையாசிரியை இரக்கப்பட்டுப் பள்ளியில் சேர்த்துக்கொண்டாராம். இப்போது பன்னிரண்டு வயது. கூடப் படிக்கும் பிள்ளைகள் எல்லாம் அடையாள அட்டை எடுக்கப் போகிறார்கள். ‘நான் எப்பம்மா போறது?’ என்று மகள் தினமும் கேட்கிறாள்.

“அவ என் வயித்துல பொறக்கலக்கா” என்றாள் அவள், தையல் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டே.

அப்போது அவளும் கணவரும் கோலா கங்சார் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இரண்டு குழந்தைகள் பிறந்து பிறந்து தவறிவிட்டன. மூன்றாவது தங்க வேண்டும் என்று, பிறந்த நாற்பதாம் நாள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் முறத்தில் கிடத்தி, பிள்ளை இல்லாத இவளிடம் தவிட்டுக்கு விற்றாள். ஒரு கை தவிடு, கோழிக்குப் போட வாங்கி வைத்திருந்தது. பெற்றவள் அதை முந்தானையில் வாங்கிக்கொண்டாள். பெயருக்குத்தான் அப்படிச் செய்வார்கள், பிள்ளை பெற்றவளிடமே வளரும். ஆனால் இவள் கையில் வந்ததும் பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டதாம். அதனால் இவளிடமே விட்டுவிட்டு, அந்தக் குடும்பம் வேலை தேடி எங்கோ போய்விட்டது. ரப்பர் தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டமாக மாறியது, எல்லாரும் கலைந்தார்கள்.

“சாமி முன்னாடி வாங்கினது. அதுக்கு மேல என்ன பத்திரம் வேணும்னு இருந்துட்டோம்கா.”

பெற்றவள் வந்து கையெழுத்துப் போட்டால் வழி உண்டு என்று பதிவிலாகாவில் சொல்லியிருந்தார்கள். அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரியாது. “பேப்பர்ல எழுதுங்கக்கா. ஆனா வளத்த பிள்ளைன்னு மட்டும் வரக் கூடாது. அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா நான் செத்துருவேன்.”

அந்த இரண்டையும் சேர்த்து எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. பெயர் போடாமல், முகம் தெரியாமல், பத்திரம் இல்லாத ஒரு சிறுமி என்று எழுதினேன். பள்ளிக்கு நடந்து போகும் பிள்ளையைப் பின்னாலிருந்து படம் எடுத்தேன். ஒன்பது நாள் கழித்து, ஒரு டயர் விளம்பரத்துக்குக் கீழே வந்தது. ஒரே ஒருவர் அழைத்தார். பிள்ளைக்குப் பள்ளிப்பை வாங்கித் தரட்டுமா என்று கேட்டார்.

இரண்டு வாரம் கழித்து அவள் கேட்டாள்: “அக்கா, அந்த வேன் அண்ணன் கிட்டப் போலாமா?”

போகலாம் என்று சொன்னது நான்தான். கூடவும் போனேன்.

மகள் டியூஷனுக்குப் போயிருந்த மத்தியான நேரம், அவளுடைய அடுக்குமாடி வீட்டிலேயே நேரலை வைத்தார்கள். என்ன சொல்லக் கூடாது என்பதை அவரிடம் முன்பே சொல்லியிருந்தோம். அவர் நெஞ்சில் கை வைத்துச் சரி என்றார். நான் கைப்பேசிக்குப் பக்கத்தில், முகம் விழாத இடத்தில் உட்கார்ந்தேன். முதல் பத்து நிமிடம் நன்றாகப் போனது. பிறகு பார்ப்பவர்கள் எழுதும் கருத்துகள் மாறத் தொடங்கின. அம்மாவுக்கு அட்டை இருக்கிறதே, பிள்ளைக்கு மட்டும் ஏன் இல்லை? எங்கே பெற்றாள்? யாருடைய பிள்ளை? ஒருவர் அவளைத் திருடி என்றே எழுதினார். அதை அவள் வாய்விட்டுப் படித்துவிட்டாள்.

வேன்காரருக்கு முகம் சிவந்தது. அடுத்து என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. நிறுத்துங்கள் தம்பி என்று ஒரு வார்த்தை போதும். அத்தனை பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்களே என்ற கூச்சம் என் வாயைக் கட்டிவிட்டது.

“யாரடா திருடிங்கிற? இது தவிட்டுக்கு வாங்கின பிள்ள! கோயில்ல வச்சி வாங்கினாங்க! பெத்தவங்க கோலா கங்சார் பக்கம் தோட்டத்துல இருந்தவங்க. தெரிஞ்சவங்க இருந்தா சொல்லுங்கலா!”

அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

சாயங்காலம் பிள்ளை வீட்டுக்கு வந்தபோதும் நான் அங்கேதான் இருந்தேன். டியூஷனில் யாரோ அந்த நேரலையைக் காட்டிவிட்டார்கள். பையை வைத்தாள், காலுறையைக் கழற்றினாள்.

“அம்மா, தவிடுன்னா என்ன?” என்று கேட்டாள்.

அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். பிள்ளை என்னிடம் திரும்பினாள். அரிசியிலிருந்து வருவது, கோழிக்குப் போடுவார்கள் என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது?

மறுநாளே தாப்பா என்ற ஊரிலிருந்து ஒருவர் எழுதினார். பெற்றவள் அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறாள் என்றார். அது உண்மையாகவும் இருந்தது. என் செய்தியால் நடக்காதது அவருடைய நேரலையால் ஒரே நாளில் நடந்தது. இதை நான் மறுக்க முடியாது.

அதற்கும் அடுத்த நாள் எங்கள் நாளிதழிலும் வந்தது. பேராக் பக்கத்தின் உச்சியில், நேரலையிலிருந்து எடுத்த அவள் முகத்தோடும், முகநூலில் எங்கிருந்தோ எடுத்த, பள்ளிச் சீருடையில் பிள்ளையின் முகம் தெரியும் படத்தோடும். ‘தவிட்டுக்கு வாங்கிய பிள்ளைக்குத் தாய் கிடைத்தாள்’ என்று தலைப்பு. அடியில் ‘நமது நிருபர்’ என்று போட்டிருந்தார்கள். ஈப்போவில் நமது நிருபர் என்றால் நான்தான். எங்கள் கடை முதலாளியே, “நல்லா எழுதியிருக்கீங்கம்மா” என்றார்.

செய்தி ஆசிரியரை அழைத்தேன். பிள்ளையின் முகத்தைப் போட்டிருக்கிறீர்களே என்றேன்.

“ஊரே பாத்தாச்சும்மா. இனி மறைச்சி என்ன? நீங்க அன்னிக்கே இத முழுசா அனுப்பியிருக்கணும்” என்றார். பிறகு குரல் தணிந்தது. “ஆபீஸ்ல நாங்க மூணு பேருதான் இருக்கோம். வர்றத எடுத்துப் போடுறோம். என்ன பண்ண?”

அவர் மேலும் எனக்குக் கோபம் நிற்கவில்லை.

வேன்காரர் ஒரு நாள் கடைக்கு வந்தார். காணொளியை அழித்துவிட்டாராம். அதற்குள் பல பேர் எடுத்துத் தங்கள் பக்கங்களில் போட்டுவிட்டார்கள். “அவங்களத் திருடின்னாங்கக்கா. சும்மா கேட்டுக்கிட்டு இருக்க முடியல” என்றார். தான் செய்தது தப்பா என்று கேட்டார். நானும்தானே பக்கத்தில் இருந்தேன் என்றேன்.

பல மாதம் ஓடியது. பெற்றவள் இரண்டு முறை ஈப்போவுக்கு வந்து கையெழுத்துப் போட்டாள். கடைசியில் அடையாள அட்டை வந்தது. செய்தி ஆசிரியர் என்னை அழைத்து, பிள்ளை அட்டையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது போல ஒரு படம் வேண்டும், இந்தச் செய்திக்கு வாசகர் இருக்கிறார்கள் என்றார்.

சனிக்கிழமை போனேன். அவள் என்னை உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்தாள். இளைத்திருந்தாள். பிள்ளை சாப்பாட்டு மேசையில் எழுதிக்கொண்டிருந்தது. வந்த விஷயத்தை அவளிடம் சொல்லாமல் பிள்ளையிடமே கேட்டேன்.

“படம் எடுக்கலாமா?”

“வேணாம் ஆன்ட்டி.”

“எத்தன பேரு ஒதவி பண்ணாங்க. ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கட்டுமேம்மா” என்றாள் அவள், கெஞ்சுவது போல.

“நான் ஒங்கள எதுவும் கேக்கலயே. நீங்களும் என்னக் கேக்காதீங்க” என்றது பிள்ளை. குரலை உயர்த்தவில்லை. புத்தகங்களை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.

அவள் எழுந்து போய் அந்தக் கதவுக்கு முன்னால் நின்றாள். தட்டவில்லை. “முன்ன மாரி அம்மான்னு கூப்புடறதில்லக்கா. எதுவுமே சொல்லிக் கூப்புடறதில்ல” என்றாள், கதவைப் பார்த்தபடியே.

நான் தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். குடிக்காமல் எழுந்தால் அவள் வருத்தப்படுவாள்.

பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது ஆசிரியரை அழைத்தேன். வீடு பூட்டியிருந்தது, யாரும் இல்லை என்று சொன்னேன். சரி, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். அந்த இடத்துக்கு வேறு ஏதாவது போட்டுக்கொள்வதாகவும் சொன்னார்.